ஆசிட்ல தண்ணி ஊத்தாதீங்க

கதவைத் திறந்தா மணலி ஃபேக்டரிங்க விடுற கேஸ் நாத்தம், மூடினா உள்ள புழுக்கம்... திருவொற்றியூர்ல நாங்க போற பிரவுசிங் சென்டர் அப்படித்தான் இருக்கும். கீபோர்டுல பாதி எழுத்து தேஞ்சு போயிருக்கும். சில சிஸ்டத்துல தமிழ் டைப் பண்ணா எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வரும்.

ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு வாக்குல. நான் கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு மணலியில ஒரு கம்பெனி லேப்ல சேர்ந்த புதுசு. ராயபுரத்து நஸ்ரின் என் காலேஜ் தோஸ்து. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா ஒரே சிஸ்டம் முன்னாடி ரெண்டு ஸ்டூலைப் போட்டு உக்காந்துடுவோம்.

பண்ணது இன்னான்னா... ஆன்லைன்ல ஒரு சயின்ஸ் லைப்ரரி. யார் வேணும்னாலும் எழுதலாம், யார் வேணும்னாலும் திருத்தலாம். சம்பளமெல்லாம் கிடையாது. தமிழ் மீடியம் பசங்களுக்கு நெட்ல ஒண்ணுமே கிடைக்காத காலம் அது. நாங்க படிக்கிறப்ப புரியாம முழிச்சதை எல்லாம் புரியுற மாதிரி எழுதினோம். மத்தவங்க எழுதினதுல தப்பு இருந்தா திருத்தினோம். நஸ்ரின் இதுல ரொம்ப கறாரு. "அடர் அமிலம்"னு வர வேண்டிய இடத்துல எவனாவது "கெட்டியான அமிலம்"னு போட்டுட்டா, அன்னிக்கு அவளுக்கு டீ தொண்டையில எறங்காது.

அப்படித் திருத்தினதுல ஒண்ணு கந்தக அமிலம் பக்கம். நீர்த்துப்போக வைக்க, அமிலத்துல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும்னு எவரோ எழுதி வெச்சிருந்தாரு. அப்படியே தலைகீழ்! தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும். ஆசிட்ல தண்ணியை ஊத்தினா அந்தச் சூட்டுல கொதிச்சு மூஞ்சியிலயே தெறிக்கும். பார்த்த அன்னிக்கே மாத்தினோம். ஏன் அப்படின்னு காரணத்தையும் கீழ எழுதினோம்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு, பிளஸ் டூ படிச்சுகினு இருந்த என் தங்கச்சி கலா கையில ஈரத்துணி சுத்திகினு ஸ்கூல்லேர்ந்து வூட்டுக்கு வந்தா. பிராக்டிகல்ல ஆசிட் தெறிச்சிருக்கு. மணிக்கட்டுல கொப்புளம், துப்பட்டா ஓட்டை ஓட்டையா... டீச்சர் ஓடி வந்து குழாயைத் திறந்து கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. கண்ணுல படலை, அதான் பாக்கியம்.

"ஏண்டி, ஆசிட்லயா தண்ணிய ஊத்தின?"

"டியூஷன் மெட்டீரியல்ல அப்படித்தான்க்கா போட்டுகீது..."

புக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் எங்க வரிங்க! நஸ்ரின் எழுதின உதாரணம், நான் வரைஞ்ச படம்... அட்டையில மட்டும் டியூஷன் சார் பேரும் போட்டோவும். கந்தக அமிலத்துல அந்தப் பழைய தப்பு. நாங்க திருத்துறதுக்கு முன்னாடியே சுட்டு, ஒரு தடவை கூட படிச்சுப் பாக்காம அச்சடிச்சு வித்துகினு இருந்திருக்காரு.

எடுத்ததுக்குக் கோவம் இல்லைங்க. எடுத்துக்கட்டும்னுதான் எழுதினோம். படிக்காம பிள்ளைங்க கையில குடுத்தாரு பாருங்க... கோவம் அதுக்குத்தான்.

மறுநாளே நஸ்ரின், கலா, நான்னு மூணு பேரும் போனோம். மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில டியூஷன். புக்கைக் காட்டி, "சார், இதுல ஒரு தப்பு கீது. பசங்க கிட்ட சொல்லிடுங்க"ன்னேன்.

"நீங்க யாரும்மா?"

"இதை எழுதினவங்க."

சிரிச்சாரு. "நெட்ல சும்மா கெடக்குறதுக்கு எவன்மா ஓனரு?"

நஸ்ரின் கலாவோட கையைத் தூக்கிக் காட்டினா. "ஓனர் யாருன்னு கேக்க வரல சார். இந்தப் பொண்ணு கை வெந்துகீது. கிளாஸ்ல அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"சொன்னா அப்பால எவன்மா என்னை மதிப்பான்? அடுத்த எடிஷன்ல பாத்துக்கலாம். கெளம்புங்க, பேட்ச் வர்ற நேரம்."

அடுத்த எடிஷனாம்! அதுக்குள்ள எத்தினி பிள்ளைங்க டெஸ்ட் டியூபைப் பிடிக்கும்?

நஸ்ரின் விறுவிறுன்னு எறங்கி, எதிர்க்கடையில சிவப்புப் பேனா வாங்கிகினு வந்து படிக்கட்டுக்குக் கீழ நின்னுட்டா. வர்ற பசங்களை எல்லாம் நிறுத்தி, புக்கை வாங்கி, அந்த வரியை அடிச்சு, மேல சரியானதை எழுதிக் குடுத்தோம். ஒரு பையன் கேட்டான்... "சார் எழுதினது எப்படிக்கா தப்பாவும்?"

கலா துணியை அவுத்துக் காட்டினா. "இப்படித்தான் ஆவும்."

அதுக்கப்புறம் பசங்களே வரிசையில நின்னாங்க.

சார் கீழ எறங்கி வந்து கத்தினாரு. "கலாட்டா பண்றீங்களா? போலீசைக் கூப்புடவா?"

"கூப்புடு சார்... அவங்க கிட்டயும் இந்தப் பக்கத்தைக் காட்டுறேன்"னா நஸ்ரின். பேசிகினே அடுத்த புக்கை வாங்கி அந்த வரியை அடிச்சா. அவரு எங்களை மொறைச்சுப் பார்த்துட்டு மேல போயிட்டாரு. அந்த வாரம் பூரா வேலை முடிஞ்சு வந்து, ஒவ்வொரு பேட்சுக்கும் நின்னோம்.

கடைசி வரைக்கும் அந்த ஆளு கிளாஸ்ல வாயைத் திறக்கலை. ஆனா மறு வருஷம் புது புக் வந்துச்சு. வரி திருந்தியிருந்துச்சு. கீழ நாங்க எழுதின காரணமும் எழுத்து மாறாம அப்படியே... மறுபடியும் சுட்டிருக்காரு! அட்டையில அதே போட்டோ. அன்னிக்கு பிரவுசிங் சென்டர்ல நாங்க சிரிச்ச சிரிப்பைக் கேட்டு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சிரிச்சு முடிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு.

இப்ப எல்லார் கையிலயும் போன். தமிழ்ல சயின்ஸ் கொட்டிக் கெடக்குது. போன வாரம் எங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்ல பிளஸ் டூ பசங்களுக்குன்னு ஒரு பி.டி.எஃப் வந்துச்சு. உள்ள அதே மாதிரி எவனோ சரி பாக்காம சுட்டுப் போட்ட தப்புங்க. தப்பை எடுத்துச் சொன்னேன். "ஷேர்தானே மேடம் பண்ணேன், நானா எழுதினேன்?"னு பதில். கூடவே ஒரு கும்பிடு.

நஸ்ரினுக்கு போன் போட்டுத் திட்டித் தீர்த்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவ சொன்னா... "அன்னிக்கு எந்தப் பிள்ளை கையில அந்த புக்கு கீதுன்னு தெரிஞ்சுதுடி. போய் நின்னோம். இப்ப எந்த வாசல்ல போய் நிக்கிறது?"