கேட் மூடியிருக்கும் ஐந்து நிமிடம்

தயாளன் அண்ணன் போய்விட்டார். நேற்று சாயங்காலம், ஹார்ட் அட்டாக். நம்பவே முடியவில்லை... போன வாரம்கூட டியூட்டியில் பார்த்தேனே.

எங்கள் ஏரியா ரயில்வே கேட்டின் கேட் கீப்பர். காலையில் அந்த வழியாகப் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

கேட் மூடினால் நமக்கெல்லாம் டென்ஷன். அவருக்கு மட்டும் அது பிள்ளைகளின் நேரம். கேட்டைப் பூட்டியதும் அன்றைய ஆர்டரைப் போடுவார்.

"இன்னிக்கு எல்லாரும் மூக்கப் புடிச்சிக்கினு பேரு சொல்லணும்பா!"

அப்புறம் பச்சைக் கொடியோடு போய் நின்றுகொள்வார். பிள்ளைகள் என்ன கோணங்கித்தனம் பண்ணினாலும் முகம் அசையாது. கடைசிப் பெட்டி தாண்டிய பிறகுதான் சிரிப்பார்... அப்படி ஒரு சிரிப்பு.

ஒருநாள் ஒற்றைக்கால் போட்டி. வண்டியில் பாவு நூல் கட்டி எடுத்துப் போன ஒரு நெசவுக்காரரும் இறங்கிச் சேர்ந்துகொண்டார். பசங்கள் ஒவ்வொருவராகச் சாய, மனுஷன் மட்டும் அப்படியே நிற்கிறார்.

"தறி மிதிக்கிற காலுப்பா இது, ஆடாது!"

கேட் திறந்தும் காலை இறக்கவில்லை. பின்னால் நின்ற பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

என் மகள் கயல் அப்போது யூகேஜி. ரயில் ஹாரன் என்றாலே நடுங்குவாள். அதற்காகவே தினமும் ஊரைச் சுற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போவேன்.

ஒருநாள் லேட் ஆகி, வேறு வழியில்லாமல் கேட்டில் மாட்டிக்கொண்டோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் முகத்தைப் புதைத்து ஒரே அழுகை. "ஸ்கூலே வேணாம்மா..."

"பாப்பா ஏம்மா அழுவுது?" என்று கிட்டே வந்தார் அண்ணன். சொன்னேன்.

"அவ்ளோதானா? அது கத்துச்சின்னா நீயும் கத்தும்மா. யாரு சத்தம் பெருசுன்னு பாத்துடலாம்."

அன்றைய ஆர்டர் அதுதான். ஹாரன் வந்ததும் அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். முதல் நாள் கயல் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஒரு வாரத்தில் அவள் சத்தம்தான் பெரிது.

அதற்கப்புறம் காலையில் என்னை விரட்டுவாள். "சீக்கிரம்மா, கேட்டு தொறந்துடப் போறாங்க!"

நேற்று ராத்திரி அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்போது மூன்றாம் வகுப்பு, புரிகிற வயசு. ஒன்றே ஒன்று கேட்டாள். "நாளைக்கு யாரும்மா ஆர்டர் போடுவாங்க?"

அவளுடைய பழைய ஹாரன் பயம் திரும்பி வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

இன்று காலை கேட் மூடியிருந்தது. புதிதாக ஒரு பெண் டியூட்டியில். ஆர்டர் இல்லை. பிள்ளைகள் எல்லாம் கப்சிப்.

தூரத்தில் ஹாரன். கயலின் இரண்டு கையும் காதுக்குப் போயின.

கையை இறக்கினாள். ஸ்கூட்டரிலிருந்து குதித்து, ரயிலைப் பார்த்துக் கத்தினாள்.

"கேட் மாமாஆஆஆ!"

அடுத்த ஆட்டோவிலிருந்து ஒரு குரல். அப்புறம் வேன் முழுக்க. ஆட்டோ டிரைவர், பால்காரர், நான்... எல்லோரும் கத்தினோம். அழுதுகொண்டேதான் கத்தினேன்.

கொடி பிடித்திருந்த அந்தப் பெண் அசையவே இல்லை. கடைசிப் பெட்டி தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கேட் திறக்கும்போது கயல் அவரிடம் சொன்னாள். "ஆன்ட்டி, நாளைக்கு ஒத்தக்காலு. நீங்கதான் ஆர்டர் போடணும்."

போய் வாங்க, தயாளன் அண்ணா.