முடி கொட்டாத குட்டி

"குட்டிகள் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. முன்பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். முதலில் நீங்கள் வந்து எங்கள் வீட்டில் அரை நாள் உட்காருங்கள். மூச்சு இளைக்காமல் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்."

1993 நவம்பரில், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு முகவரிக்கு, நான் எழுதிக் கேட்டதற்குப் பதிலாகக் கடலூரிலிருந்து வந்த இன்லண்டு கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். எழுதியவர் ஒரு அம்மாள். வீட்டிலேயே லாசா ஆப்சோ நாய் வளர்த்து, அது ஈனும் குட்டிகளை, கேட்பவர்களை நன்றாக விசாரித்த பிறகே கொடுப்பவர். விற்க அவசரப்படுகிறவர் இப்படி எழுத மாட்டார் என்று பட்டது. போய்ப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. என் கணவரோ செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருந்தார். வீட்டு மெயின் பலகையில் இருக்குமே, வெள்ளைப் பீங்கான் ப்யூஸ், அதுதான் அவர் சரக்கு. அங்கே எந்நேரமும் மண் தூசி. அதனால் கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யூனிட்டிலிருந்து வந்தால் கொல்லைப் பக்கமாக வந்து, குளித்து, துணி மாற்றிய பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த வருஷம் எங்கள் ஒரே பெண் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். பகல் முழுவதும் நானும் யூனிட் கணக்கும்தான். சமைத்து முடித்தால் வீட்டில் சத்தமே இருக்காது. ஒரு நாய் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு பொமரேனியன். அழகுதான், ஆனால் அடுத்த வீட்டில் காபி கொடுத்தால் டம்ளரில் ஒரு வெள்ளை முடி மிதக்கும். எனக்கு அது ஆகாது. நூலகத்தில் தேடிப் படித்ததில், சில சாதி நாய்களுக்கு முடி கொட்டாமல் நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும் என்று தெரிந்தது. அதற்காக இளைப்பு வரவே வராது என்று அர்த்தமில்லை, வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்ததும் அடுத்த வீட்டுக்காரம்மா சிரித்தார். "பொண்ண ஆஸ்டலுக்கு அனுப்பிட்டு நாய்க்குச் சட பின்னப் போறீங்களாக்கும்!"

"ஆமா, பூவும் வெப்பேன்" என்றேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் கடலூர் போனேன். அந்த அம்மாள் குட்டிகளைக் காட்டும் முன் தாயைக் காட்டினார். அது என்னை முகர்ந்துவிட்டு என் புடவைத் தலைப்பிலேயே படுத்துக்கொண்டது. நாலு குட்டிகள் கூடையில் தூங்கின. அவர் குட்டிகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "நெஞ்சு எப்பிடிம்மா இருக்குது?" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். "முடி கொட்டலன்னா தெனம் சீவணும். சீவ சோம்பேறித்தனம்னா இந்தச் சாதி வேணாம், இப்பவே சொல்லிடுங்க."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது தாய் நாய் படுத்த ஒரு டவலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். "தலகாணி மேல போட்டு ஒரு வாரம் படுங்க. அப்பறமா வாங்க."

என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "நாய் படுத்த டவலத் தலைக்கு வெச்சிப் படுக்கறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்" என்றார். ஒரு வாரம் படுத்தேன். மூச்சு சுத்தமாக இருந்தது.

அடுத்த முறை அவரும் வந்தார். ஒரு குட்டியைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்தையும் கவிழ்த்துப் பார்த்தார். யூனிட்டில் சரக்கைப் பார்க்கிற அதே கை. "சார், அது பீங்கான் இல்ல. கீழ வுடுங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு எங்களைத் தரையில் உட்காரச் சொல்லி, எதையும் கூப்பிட வேண்டாம் என்றார். என் கணவருக்குப் பிடித்த தூய வெள்ளைக் குட்டி என் புடவைக் கரையைக் கடித்து இழுத்தது. இரண்டு குட்டிகள் ஒன்றோடொன்று புரண்டு சண்டை போட்டன. தேன் நிறத்தில் இருந்த நாலாவது மெதுவாக வந்து, என் கால் விரலை முகர்ந்து, பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு அந்தச் சண்டையை வேடிக்கை பார்த்தது.

"இதுதான்" என்றேன். இன்னொரு முறை யோசிக்கவில்லை.

"ரெண்டு மாசம் முடிஞ்சாதான் தருவேன்" என்றார். "கூட்டிட்டுப் போயி பத்து நாளு பாருங்க. ஒத்துக்கலன்னா கொண்டாந்துடுங்க, பாண்டிச்சேரியில ஒரு குடும்பம் காத்துட்டு இருக்குது. அதுக்கு மேல ஆச்சுன்னா குட்டி உங்கள மறக்காது. நான் திருப்பி வாங்க மாட்டேன்."

1994 பொங்கல் முடிந்ததும் குட்டி விருத்தாசலம் வந்தது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த என் கணவர், முந்தின நாளே ஒரு மரப்பெட்டியின் பக்கத்தை அறுத்து, வைக்கோல் பரப்பி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கை தயார் செய்து வைத்திருந்தார். குட்டி அதில் புதைந்து தூங்கும். எழுந்ததும் என் மடிக்கு வரும். பெண் போன பிறகு அந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசியது அந்த வாரம்தான்.

மூன்றாம் நாள் நெஞ்சு இறுகியது. அடுத்த நாள் இளைப்பு வந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "நாய அனுப்பிடுங்கம்மா, வேற பேச்சே இல்ல" என்றார். என் கணவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கடலூருக்குப் பேசினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குட்டியைத் திருப்பித் தருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மத்தியானம் வாசற்படி வெயிலில் உட்கார்ந்து குட்டிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். போகிற பிள்ளை, சுத்தமாகப் போகட்டும் என்று. சீப்பில் ஒரு முடிகூட இல்லை. ஆனால் சிவப்பு சிமென்ட் தரையில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தேன். முகப் பவுடர் மாதிரி வழுக்கியது. அந்த வழுக்கல் எனக்குப் பழக்கம், வருஷக்கணக்காக அவர் சட்டையைத் துவைத்தவள் நான். குட்டி அதற்குள் இரண்டு தும்மல் போட்டது.

மாலையில் அவர் வழக்கம்போல் கொல்லைப் பக்கம் குளித்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏங்க, குட்டி மேல உங்க யூனிட்டு மண்ணு இருக்குது."

"அது எப்ப யூனிட்டுக்கு வந்துது?"

"யூனிட்டுதான் வூட்டுக்கு வந்திருக்குது." பெட்டியைக் காட்டினேன். சரக்கு அனுப்பும் பெட்டி, பீங்கானைப் பொதியும் வைக்கோல்.

"நல்லா உதறிட்டுத்தானே போட்டேன்?"

"எங்க உதறினீங்க?"

"யூனிட்டுலதான்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

எங்கள் ஊரில் இது நடக்கும். கரி என்றால் யார் கண்ணிலும் படும். வெள்ளைத் தூள் எங்களுக்கு அழுக்கே இல்லை, அது சோறு. தினமும் தன் உடம்பைக் கழுவிக்கொண்டு வந்தவர், பெட்டியை மட்டும் முன்வாசல் வழியாகக் கொண்டு வந்திருந்தார். முடி கொட்டாத நாய், விழுந்த தூசியையும் கொட்டவிடாமல் சடைக்குள் பிடித்து வைத்துக்கொண்டது.

ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை. "ஞாயித்துக்கெழம போறது போறதுதான். உன் நெஞ்சோட வெளையாட முடியாது. கடலூர்ல கடல்காத்து, அதான் அங்க உனக்கு வரல."

"ஒரு வாரம் என் தலகாணியில கெடந்த டவலு கடலூர்லயா இருந்துது?"

அவர் வைக்கோலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். குட்டியை வெந்நீரில் குளிப்பாட்டினேன். தண்ணீர் கழனித்தண்ணி போல வெளுத்தது. வீட்டைக் கழுவி, என் பழைய நூல் புடவையை மடித்துப் படுக்கை போட்டேன். ஆனால் வியாழனும் இளைத்தது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் தேவலை. சனிக்கிழமை மாத்திரையோடு ஓடியது.

ஞாயிறு காலை அவர் குட்டியை ஒயர் கூடையில் வைத்துவிட்டார். நான் கூடையை வாங்கிக்கொண்டேன். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே தூக்கிட்டு வரேன். வழியில எனக்கு மூச்சு வாங்குச்சின்னா நீங்க பஸ் ஏறுங்க."

நடந்தேன். வழியெல்லாம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே நடந்தேன், வேண்டுமென்றேதான். குட்டி கூடை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். என் கணவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்த்தார், மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்று. பஸ் கிளம்பியது.

"டீ குடிக்கலாமா?" என்றார்.

பிறகு பூத்திலிருந்து அவரே கடலூருக்குப் பேசினார். "அப்ப பாண்டிச்சேரிக்காரங்களுக்கு அடுத்த ஈத்துதான்" என்றாராம் அந்த அம்மாள்.

அந்தக் குட்டி எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. எனக்கு இளைப்பு அடியோடு போய்விடவில்லை. பனிக்காலத்தில் வரும், போகும். ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டதால் வந்ததாக ஒரு நாளையும் சொல்ல முடியாது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வைக்கோல் வெளியே போன அதே வாரத்தில்தான் பனியும் குறைந்தது, மாத்திரையும் உள்ளே போனது. எதனால் சரியாயிற்று என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பின்னாளில் ஒரு தடவை என் கணவர், "அந்த வைக்கோல ஒரு நாளு கொண்டாந்து போட்டுப் பாத்துடலாமா? தெரிஞ்சிடும்" என்று கேட்டார். நான் கூடாது என்றுவிட்டேன். ஊர் விஷயத்தில் ஒரு தேதி சரிதானா என்று மூன்று பேரைப் போய்க் கேட்கிறவள் நான். ஆனால் காரணம் அந்தத் தூசிதான் என்பது இன்றுவரை ஊர்ஜிதமாகாத செய்தியாகவே இருக்கிறது, ஏனென்றால் தெரிந்துகொள்வதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்போது என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.