மார்ச் கடைசிக்குள் ஒரு கரண்டு வண்டி

பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு கார் ஷோரூமில் எனக்குப் போன் பேசும் வேலை. பேட்டரியில் ஓடும் பெரிய வண்டியைப் பற்றி யார் விசாரித்தாலும் அவர் நம்பர் என் மேசைக்கு வரும். நான் கூப்பிட்டு விலை சொல்லி, ஒரு தடவை வந்து ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் அவர் பெயருக்கு நேராக ஒரு வார்த்தை போட வேண்டும். ஹாட் என்றால் வாங்கிவிடுவார். வார்ம் என்றால் யோசிக்கிறார். கோல்டு என்றால் சும்மா கேட்டுவைத்தவர். நான் ஒன்பதாவதோடு நின்றவள். இந்த மூன்று வார்த்தையை எழுதத் தெரிந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் கப்பலூரில் அம்மா வேலை பார்த்த சாக்குக் கம்பெனியில்தான் நானும் இருந்தேன். "ஒங் கொரலு நல்லாருக்குடி. மெஷின் சத்தத்துல அத எதுக்குப் போட்டு வீணாக்குற" என்று அம்மாதான் என்னை இங்கே தள்ளிவிட்டாள்.

அம்மா புரட்டாசியில் செத்துப்போனாள். கிட்னி. பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள்.

நான் கட்டிக்கொடுத்த பெண். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவளுக்குப் பெற்ற தாய் போனாலும் மூன்று நாள்தான் தீட்டு. அம்மா வீட்டில் என் தம்பிக்கு ஒரு வருஷம். பண்டிகை கிடையாது, புதுத்துணி கிடையாது, நல்லது எதுவும் கிடையாது. எனக்கு மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பஸ் ஏற்றிவிட்டார்கள். மாமியார் கெட்டவர் இல்லை. "அந்த வீட்டுத் தீட்டு இங்க ஒட்டாதும்மா" என்று ஆறுதலுக்குத்தான் சொன்னார். அடுத்த மாதமே தீபாவளி. புதுச்சேலை கட்டி அதிரசம் சுட்டேன். எண்ணெயில் ஒன்றுகூடப் பிரியவில்லை, எல்லாம் நன்றாக வந்தது. அது எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு என் பேச்சில் ஒன்றும் விற்கவில்லை. ஆட்கள் என்னவோ கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். சென்னை போக எத்தனை தடவை சார்ஜ் போடணும், மழையில் ஷாக் அடிக்குமா, எட்டு வருஷம் கழித்து பேட்டரி போனால் எம்புட்டு ஆகும். எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். சொல்லும்போது குரலில் உயிர் இருக்காது. கோரிப்பாளையத்து அண்ணன் ஒருவர் எங்களிடம் சேல்ஸில் இருக்கிறார். என் மேசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

"என்ன தங்கச்சி, வெலை சொல்றியா, கண்ணீர் அஞ்சலி வாசிக்கிறியா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். எனக்குக் கோபம் வராது. உண்மையைத்தான் சொன்னார்.

மார்ச் முதல் வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "மூணு மாசமா ஒன் பேர்ல ஒரு வண்டி பில் ஆகலம்மா. இந்த மாசம் ஒண்ணாச்சும் ஆகணும். இல்லன்னா ஏப்ரல்ல வராத" என்றார். எங்கள் ஷோரூமில் முறை இதுதான்: என் போனைக் கேட்டு வந்தவர் வண்டி எடுத்தால் அது என் கணக்கு. நேராகக் கடைக்குள் நுழைந்தவர் எடுத்தால் சேல்ஸ் அண்ணன்கள் கணக்கு. என் வீட்டுக்காரருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை.

எனக்கு இருந்த ஒரே ஹாட் திருமங்கலம் பக்கத்து கிராமத்துக் குடும்பம். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். இப்போது மகன் மண் அள்ளும் மெஷின் இரண்டு வைத்திருக்கிறார். வண்டி மகன் பெயரில் புக் ஆகியிருந்தாலும் ஆசை முழுக்க அப்பாவுக்குத்தான். கார்த்திகையில் புக் பண்ணிய நாளிலிருந்து அவரே எனக்குப் போன் போடுவார்.

"ஆத்தா, சத்தமே இல்லன்னா நடுரோட்டுல கோழி ஒதுங்குமா?"

"ஆரன் இருக்குங்கய்யா."

"அது சரி. ரோடு டாக்ஸும் கட்ட வேணாம்ங்குற. கவருமெண்டுக்கு நம்ம மேல என்னத்தா திடீர்னு இம்புட்டுப் பாசம்?"

அம்மா போன பிறகு என்னைச் சிரிக்க வைத்த ஆள் அவர் ஒருவர்தான். அவருக்கு அது தெரியாது.

அவர்கள் கேட்ட சாம்பல் கலர் வண்டி மார்ச் பாதியில் வந்து இறங்கியது. சொல்லலாம் என்று கூப்பிட்டேன். மகன் எடுத்தார். அப்பா தவறி இருபது நாள் ஆகிறது என்றார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

 வண்டிப் பேச்சை அவரே எடுத்தார்.

"வீட்ல ஒரு வருசம் நல்லது கெடையாதும்மா. புது வண்டி எப்படி எடுக்க?"

"சார், முப்பத்தொண்ணாந் தேதியோட இந்த வெலை முடியுது சார். எழுபதாயிரம் ஏறும். பழைய டீசல் வண்டிக்குப் போட்ட எக்ஸ்சேஞ்ச் போனசும் போயிரும். வீட்டுல மாட்டுற சார்ஜரும் அப்பறம் காசு குடுத்துத்தான்..."

"தெரியுதும்மா" என்றார். வைத்துவிட்டார்.

என் வேலையும் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை மீட்டிங்கில் மேனேஜர் அந்த வண்டியைப் பற்றிக் கேட்டார். இதை நான் மறைக்கப் போவதில்லை: அந்த யோசனையைச் சொன்னது நான்தான். "தவறிப்போன அய்யாவுக்குக் கட்டிக்குடுத்த பொண்ணு ஒண்ணு இருக்கு சார். அவரே சொல்லிருக்காரு. பசுமலைல டீச்சர். கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தான் தீட்டு. அது முடிஞ்சிருச்சு. புக்கிங்க அந்தம்மா பேருக்கு மாத்திட்டா வண்டி எடுக்கலாம்" என்றேன். கூடப்பிறந்தவர் பெயருக்கு மாற்றினால் பழைய விலையே செல்லும், எக்ஸ்சேஞ்ச் போனசும் உண்டு.

மேனேஜர் மேசையைத் தட்டினார். "இதத்தான்யா நான் எல்லார்ட்டயும் எதிர்பாக்குறேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கோரிப்பாளையத்து அண்ணன் தட்டவில்லை.

"ஏன் தங்கச்சி, அந்தம்மா அவருக்கு மக இல்லையா?"

"கட்டிக்குடுத்தாச்சுல்லண்ணே" என்றேன். என் மாமியார் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன்.

மகனிடம் கேட்டபோது, "அக்காட்ட கேளுங்க. அது சரின்னா எனக்குச் சரி" என்று நம்பர் கொடுத்தார். மத்தியானம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"அப்ப எங்கப்பாவுக்கு எந் தம்பி ஒரு வருசம். நான் மூணு நாளு. அப்படித்தான?"

"முறை அப்படித்தானக்கா..."

"முறை எனக்குத் தெரியும். மூணாம் நாளே மூட்டையக் கட்டி அனுப்புனாங்கள்ல. நீ யாரு இத எங்கிட்ட சொல்லி வண்டி விக்க? ஒனக்குல்லாம் அப்பா அம்மா கெடையாதா?"

விற்பவள் பதில் பேசக்கூடாது. பேச்செல்லாம் பதிவாகும். "எங்கம்மா புரட்டாசில செத்துப்போச்சுக்கா. எனக்கும் மூணு நாளுதான் குடுத்தாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

 அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. அவர் வகுப்புக்குப் போகவில்லை.

"என்ன பண்ணுச்சு அம்மாவுக்கு?"

சொன்னேன். அதிரசத்தையும் சொன்னேன். ஒருத்தரிடமும் சொல்லாததை முகம் தெரியாத ஒரு டீச்சரிடம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். அவரும் அழுதார். தலைப்பிள்ளை அவர்தானாம். அப்பா அவரைத் தோளில் வைத்துத்தான் களை எடுக்கப் போவாராம்.

"நாங்க இப்ப எடுக்கலம்மா. அதுக்காக நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. ஒரு வருசம்னா எனக்கும் ஒரு வருசந்தான். யாரு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. நீயும் இரேன். ஒன்ன யாரு வேணாம்னா?"

போனை வைத்ததும் மேனேஜர் அறைக்குப் போய், அந்தக் குடும்பத்தை இனிமேல் கூப்பிட மாட்டேன், புக்கிங்கைக் கேன்சல் பண்ணிவிடுங்கள் என்றேன். "அப்ப ஒன்னையும் சேத்துத்தான் கேன்சல் பண்ணணும்" என்றார். சரி சார் என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி மாமியாரிடம், புரட்டாசி வரைக்கும் எனக்குப் புதுச்சேலை வேண்டாம், பண்டிகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "இத அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான கழுத. நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?" என்றார். அப்படிப்பட்டவரை ஆறு மாதம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி வந்தது. விலை ஏறப்போகிறது என்பதால் அன்றைக்கு மட்டும் ஏழு வண்டி டெலிவரி. ஒருவர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். கிளம்பியதா இல்லையா என்றே தெரியாமல் வண்டி பழத்தை நசுக்கியதைப் பார்த்து அவர் அம்மா பயந்து பின்னால் ஓடினார். நான் என் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வண்டி கோரிப்பாளையத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் குடும்பம். வெள்ளை வண்டி. எங்கள் கோரிப்பாளையத்து அண்ணனுக்குத் தெரிந்தவர்கள். டெலிவரியின்போது அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் படம் எடுப்பது எங்கள் ஷோரூம் வழக்கம். யார் கணக்கில் வண்டி போகிறதோ அவர்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். மேனேஜர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பெயரைக் கூப்பிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த பாயை நான் வாழ்க்கையில் கூப்பிட்டதே இல்லை.

மேனேஜருக்கும் சந்தேகம். சிரித்துக்கொண்டே கேட்பது போல, "எங்க பொண்ணுதான் ஒங்களுக்குப் போன் பண்ணுச்சா பாய்?" என்றார்.

"பண்ணுச்சாவா? தெனமும் பண்ணி உசுர வாங்கிருச்சுங்க. தொல்ல தாங்காமத்தான் வாங்குறேன்" என்றார் அவர். தாடிக்குள் ஒரு சிரிப்புகூட இல்லை. அவர் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோரிப்பாளையத்து அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "சாவியப் பிடி, சாவியப் பிடி" என்று பல்லைக் கடித்தார்.

அந்தப் படம் என் போனில் இருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் அட்டைச் சாவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு, பின்பக்கம் வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் இடத்தில் அந்த அண்ணனைப் பிடித்தேன். மாதம் ஐந்து வண்டி முடித்தால்தான் சேல்ஸ் ஆட்களுக்கு இன்சென்டிவ் காசு. அது அவருக்கு ஐந்தாவது வண்டி.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? பேப்பர்ல பேர மாத்தி எழுதிட்டேன் போல. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுதான நானு."

"வெளையாடாதீங்கண்ணே."

அவர் வயரைச் சுற்றி மாட்டிவிட்டு வந்தார்.

"அன்னைக்கு மீட்டிங்ல மூணு நாளுன்னு சொன்னேல்ல. எங்க முஸ்லிம் ஆளுகள்லயும் மூணு நாளுதான் தங்கச்சி. ஆனா மகனுக்கும் மூணு, மகளுக்கும் மூணு. அந்த மூணு நாளும் மய்யத்து விழுந்த வீட்டுல அடுப்பு பத்த வைக்க விடமாட்டோம். தெருவுல இருந்து சட்டி சட்டியா சோறு வந்துரும். அதுக்குத்தான் அந்தக் கணக்கு. மூணு நாளோட அழுக தீந்துரும்னு எவன் சொன்னான்? என்னப் பெத்த அத்தா மவுத்தாகி நாலு வருசம். போன வாரம்கூட பைக்ல வாரப்ப அழுதேன். ஹெல்மெட்டு போட்டதுக்கு அன்னைக்குத்தான் ஒரு புண்ணியம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஒங்க காசு போச்சேண்ணே."

"போகட்டும். ஒங்க அண்ணிட்ட மட்டும் வாயத் தொறந்துராத. பிரிட்ஜு வாங்கித் தாரேன்னு சொல்லி வச்சிருக்கேன். கொன்னுருவா."

நான் அவருக்கு நன்றி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவர் சொல்லவிடும் ஆளும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருக்கும், என்னை முன்பின் தெரியாமலே என்மேல் பழி போட்ட அந்தச் செருப்புக்கடை பாய்க்கும், வெங்காயம் உரித்த என் மாமியாருக்கும்.

அந்த ஒரு வண்டி என் கணக்கில் ஏறியதால் மேனேஜர் என்னைக் கேன்சல் பண்ணவில்லை. திருமங்கலத்துக் குடும்பத்துக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. விலை அதற்குள் இரண்டு தடவை ஏறிவிட்டது. அவர்களைக் கூப்பிடச் சொல்லி என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் ஏறும்போதெல்லாம் பசுமலை அக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன். போன மாதமும் சொன்னேன்.

"ஏறட்டும்டி" என்றது அக்கா. "மாசி கழிச்சு வாரோம். நீ அங்க இருப்பேல்ல?"

"இருப்பேன்க்கா" என்றேன்.