மக்கும் பேனர்

செஞ்சி மலையில் மரம் வளர்த்தவன் நான். சந்தேகம் இருந்தால் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் என் கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். பாறையைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் அந்த மலையை, ஒரே மத்தியானத்தில், அடியிலிருந்து கோட்டை வரைக்கும் பச்சையாக்கினேன். குழி வெட்டவில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. எந்த நாட்டுக் காடோ தெரியாது, இணையத்தில் கிடைத்தது. வெட்டி எடுத்து நம் மலைமேல் ஒட்டிவிட்டேன்.

நான் பேனர் அடிப்பவன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊர் மனிதர்கள் பிறந்ததிலிருந்து போய்ச் சேரும்வரை அவர்கள் முகத்தைப் பெரிதாக்கித் தெருவில் மாட்டுவது என் தொழில். எல்லாம் ஃப்ளெக்ஸ்தான். அதாவது பிளாஸ்டிக். எரித்தால் நாறும், புதைத்தால் அப்படியே கிடக்கும். ஆனால் ஒரு விஷயம், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை, சுற்றுவட்டாரத்து விவசாயிகள். விழா முடிந்த மறுநாளே பேனர் கம்பத்திலிருந்து இறங்கிவிடும். அப்புறம் அது மாட்டுக் கொட்டகைக்குக் கூரை, வைக்கோல் போருக்குத் தொப்பி, நெல் அம்பாரத்துக்குப் போர்வை. நம் தலைவர்கள் எல்லாம் தேர்தலுக்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், ஆட்டுக் கொட்டகை மேல் இருக்கிறார்கள், வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டே.

தளவானூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா அறுவடைக்கு அறுவடை என் கடைக்கு வருவார். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. நிலத்தையும் நெல்லையும் இவர்தான் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். கடைக்குப் பின்னால் நான் குவித்து வைத்திருக்கும் பழைய ஃப்ளெக்ஸில் நல்லதாக இரண்டைப் பொறுக்கிக்கொண்டு போவார். பொறுக்குவதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணீர் அஞ்சலி பேனரைத் தொடவே மாட்டார். "செத்தவங்க மூஞ்சிய நெல்லு மேல போடக் கூடாது பாய். ஊடு வெளங்காது" என்பார். அவர்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் அதே வழக்கம். கல்யாணப் பெண் மாப்பிள்ளை கிடைத்தால் முதல் மரியாதை, காது குத்தின குழந்தைக்கு அடுத்தது. அதுவும் இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற அரசியல்வாதி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த என் பிழைப்பில், சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஏஜென்ட் வந்து பசுமையைப் புகுத்தினார். "சார், இனிமே எல்லாம் மக்கும் துணிதான். பூமிக்கு நல்லது" என்று ஒரு ரோலை மேஜைமேல் வைத்தார். பூமிக்கு நல்ல அந்தத் துணியை மூன்று சுற்றுப் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து உரித்தெடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. பிரிண்ட் அருமையாக விழுந்தது. பார்ப்பதற்கு ஃப்ளெக்ஸ் மாதிரியே பளபளப்பு. கிளம்பும்போது வாசலில் நின்று, போகிற போக்கில், "மழைக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். நான் தலையாட்டினேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

அதே வாரம் ஒரு தனியார் பள்ளித் தாளாளர் மரம் நடு விழாவுக்கு ஆர்டர் கொடுத்தார். மக்கும் பேனர்தான் வேண்டும் என்று கறாராகச் சொன்னார். கையில் ஒரே ஒரு செடியோடு அவர், பின்னால் நான் பச்சையாக்கிய மலை, கீழே "இயற்கையோடு இணைவோம்". செடியைவிட அவர் முகம் நாற்பது மடங்கு பெரிசு. விழாவுக்குப் போய்ப் பார்த்தேன். மரம் காப்போம் என்ற பேனரைப் பள்ளி வாசல் வேப்பமரத்தில் நான்கு அங்குல ஆணி வைத்து அறைந்திருந்தார்கள். தாளாளர் மேடையில் என் தோளில் கை போட்டுப் பாராட்டினார். நானும் வாய் கொள்ளாமல் இளித்துக்கொண்டு நின்றேன்.

ஏஜென்ட்டுக்கு ஏக சந்தோஷம். கடையைப் படம் எடுத்துக் கம்பெனி விளம்பரத்தில் போடுகிறேன் என்றார். அதற்குக் கடை பசுமையாகத் தெரிய வேண்டாமா? பின்னால் கிடந்த பழைய ஃப்ளெக்ஸ் குவியலை ஏரிக்கரை ஓரமாகக் கொண்டுபோய்க் கொளுத்தினேன். ஒரு வருஷத்துக் கல்யாணங்களும் காதணிகளும் கரும்புகையாக எழும்பிப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாறின. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற நான் எடுத்துவைத்த முதல் அடி அது.

இரண்டாவது அடி, புது போர்டு. "செஞ்சியின் முதல் பசுமை பேனர் நிலையம்" என்று கடை முகப்பை மறைக்கும் அளவுக்கு ஒன்று அடித்தேன். ஓரத்தில் பச்சைச் சட்டையில், உள்ளங்கையில் ஒரு இலையோடு நான். அதை மட்டும் ஃப்ளெக்ஸில் அடித்தேன். மக்கும் துணி ஒரு கோடை வெயிலைத் தாங்காது என்று எனக்குத் தெரியாதா என்ன. ஊருக்கு மக்குவது, எனக்கு நிற்பது.

படம் எடுக்க நாள் குறித்திருந்த சமயத்தில்தான் அக்கா வந்தார். பின்பக்கம் போனவர் உடனே திரும்பி வந்தார்.

"இன்னா பாய், ஒண்ணியும் காணோம்? தொடச்சி வெச்சா மாதிரி இருக்குது."

"நம்ம கடையில இப்ப பிளாஸ்டிக்கே இல்லக்கா. எல்லாம் பசுமை" என்றேன். மூலையில் ஒரே ஒரு ஃப்ளெக்ஸ் மிச்சம் இருந்தது. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கிப் போக வராத கண்ணீர் அஞ்சலி. எடுத்துக் காட்டினேன். அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அய்ய, அது ஆவாது. வேற இருந்தா குடு. பாதி அறுத்துக் களத்துல கொட்டி வெச்சிருக்கேன். மோடம் போடுது, மழ வர்றா மாதிரி இருக்குது."

அப்போதுதான் தாளாளர் பேனர் ஞாபகம் வந்தது. விழா முடிந்து, மறுபயன்பாடு என்ற பெருந்தன்மையில், எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். எடுத்து விரித்தேன். அக்கா ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வருஷக்கணக்கில் ஃப்ளெக்ஸ் தொட்ட கைக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"தண்ணி தாங்குமா பாய்?"

சின்னக் கேள்வி, ஒரு வார்த்தைப் பதில். தாங்காது. அதைச் சொல்லிவிட்டு, நல்ல தார்ப்பாய் எங்கே கிடைக்கும் என்று கை காட்டியிருக்கலாம். ஆனால் நான் அந்த ஒரு வாரமாகப் பசுமை பேசிப் பேசி வாய் பழகிப்போயிருந்தேன். "இது சாதாரணமா நெனைக்காதீங்கக்கா. புது டெக்னாலஜி. மண்ணுக்கே கெடுதல் பண்ணாது. தாளாளரே யூஸ் பண்ணது" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே பதில் சொன்ன மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் விளம்பரம் அடித்ததில் நான் கற்றது அதைத்தான். அக்கா நம்பி மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்றைக்கு ராத்திரி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. ஓடு மேல் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த நெல் நினைவுக்கு வந்தது. லேசான துணி இல்லை, தாங்கிவிடும் என்று எனக்கு நானே ஒரு விளம்பரம் சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தேன்.

ஐந்தாம் நாள் அக்கா வந்தார். கத்தவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கண்ணாடி மேஜைமேல் கொட்டினார். நெல். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தப் பேனரைப் போட்டார். தாளாளர் முகத்தில் பூஞ்சை படர்ந்து, நடுவில் கை நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது.

"நீ சொன்னது நெசந்தான் பாய். மண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்ல. நெல்லுதான் போச்சி."

தாளாளர் மேடையேறி நட்டது ஒரு செடி. அவர் முகத்துக்குக் கீழே, களத்தில், ஒரு அம்பாரமே முளைத்துவிட்டது. "மழைக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றேன். ஏன் உண்மையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த முளைகளை வைத்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல வரவில்லை.

அக்கா ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "வருசம் பூரா சோத்துக்கு வெச்ச நெல்லு பாய்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "மீதிய மெஷினு இன்னிக்கி அறுக்குது. திரும்பவும் கருக்கலா இருக்குது" என்று வெளியே வானத்தைப் பார்த்தார். பார்வை இறங்கி என் போர்டில் நின்றது.

"அது இன்னா துணி?"

"அது ஃப்ளெக்ஸுக்கா."

"அத்தக் கழட்டு."

மறுநாள் காலையில் ஏஜென்ட் கேமராவோடு வருவதாக இருந்தது. ஏணியைத் தேடுவது போல உள்ளே போய் ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். அப்புறம் நிஜமாகவே ஏணியை எடுத்து வந்து ஏறினேன். கயிறுகளை அவிழ்த்து, போர்டைச் சுருட்டி, பைக்கில் வைத்துக் கட்டினேன். பின்னால் அக்கா உட்கார்ந்துகொண்டார்.

களத்தில் அறுத்த நெல் குவிந்து கிடந்தது. தூறல் ஆரம்பித்துவிட்டது. நானும் அவரும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து விரித்தோம். பச்சைச் சட்டையும் உள்ளங்கையில் இலையுமாக என் முகம் நெல்மேல் மல்லாந்து சிரித்தது. அக்காவின் வழக்கம் நினைவுக்கு வந்து, திருப்பிப் போடலாமா என்று கேட்டேன்.

அவர் ஒரு கல்லைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "செத்தவங்க மூஞ்சிதான் ஆவாது. நீ இன்னும் உயிரோடதான இருக்குற? கெடக்கட்டும்" என்றார்.