பெட்டிக்குள் வந்து சேர்ந்த வரைபடங்கள்

லவுத்தோக்கா என்ற தீவு நகரத்தில் ஒரு நில அளவை ஆபீசில் கம்லா டைப்பிஸ்டாக இருந்தாள். தவுவா ஊர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸ் நிறைய ஆட்கள். மத்தியானம் டீ போட்டால் கப்பு போதாது.

இரண்டாயிரத்தில், மே மாதம், தலைநகர் சுவாவில் சில பேர் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சத்துப் பிரதமரைப் பிடித்து வைத்தார்கள். பயந்துபோன இந்தியக் குடும்பங்கள் நாட்டை விட்டுக் கிளம்பின. அதோடு ஆபீஸ் கரைய ஆரம்பித்தது. வரைபடம் போடுவதில் கெட்டிக்காரனான ஜிதேந்திரா ஆக்லாந்துக்குப் போனான். பல்ராம் பிரிஸ்பேனுக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு நாற்காலி காலியானது. கடைசியில் முதலாளி பாலசுப்பிரமணி, கம்லா, வரைபடம் போடும் ஜீன், இந்த மூன்று பேர்தான் மிச்சம்.

போனவர்கள் வரைந்ததெல்லாம் அவரவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. ஒரு படம் வேண்டுமென்றால் எந்த மெஷினில் இருக்கிறதென்று தேட வேண்டும். கண்டுபிடித்தாலும் அச்சிடும் மெஷினுக்குக் கொண்டுபோகப் பிளாப்பியில் அடங்காது. பா என்ற ஊரிலிருந்து வந்த அப்பல்சாமி என்ற விவசாயி தன் நிலத்தின் எல்லைப் படத்துக்காக மறுபடி மறுபடி பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார். அவருடைய குத்தகை முடியும் நேரம் அது; புதுப்பிக்க அந்தப் படம் வேண்டும். அவர் போகிறதைப் பார்த்துக்கொண்டே கம்லா முதலாளியிடம் கேட்டாள்:

"சார், அந்தப் பெட்டியை நான் பாக்கட்டுமா?"

மேசைக்கடியில் துணி போட்டு மூடியிருந்த சர்வரைத்தான் சொன்னாள். தர்மேந்திரா என்ற மெக்கானிக் அதற்கு லினக்ஸ் ஏற்றிவிட்டு, மற்ற மெஷின்களை இணைக்கத் திங்கட்கிழமை வருகிறேன் என்று போனவன். அந்தத் திங்கட்கிழமை அவன் குடும்பத்தோடு நாந்தியில் சிட்னிக்குப் பிளேன் ஏறிவிட்டான்.

"ஒனக்குத் தெரியுமா அதெல்லாம்?" என்றார் பாலசுப்பிரமணி.

"தெரியாது சார். கூட வந்த புஸ்தகம் இருக்கே."

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். சுவரோரமாகக் கேபிள் இழுத்தாள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் கொடுத்தாள். ஆனால் எதுவும் எதையும் பார்க்கவில்லை. இரண்டு நாள் திண்டாடிய பிறகுதான் தெரிந்தது: எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்க வேண்டிய பணிக்குழுவின் பெயரில், ஜீனின் மெஷினில் மட்டும் ஒரு எழுத்து மாறிக் கிடந்தது. திருத்தியதும் திரையில் சர்வரின் பெயர் வந்தது. உள்ளே அவள் உண்டாக்கிய ஃபோல்டரும் இருந்தது. ஆனால் படத்தைப் போட்டால் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது.

வேறு வழியில்லாமல் சிட்னிக்குப் போன் போட்டாள். தர்மேந்திரா சங்கடத்தோடு பேசினான். "அந்த ஃபோல்டர் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க அக்கா. ரூட்ங்கிற தலைமைக் கணக்கு பேர்ல இருந்தா மத்தவங்க பாக்கலாம், எழுத முடியாது. ஆபீசுக்குன்னு ஒரு குரூப் போட்டு அது பேர்ல மாத்துங்க. எழுதுற உரிமையையும் குடுங்க."

மாற்றினாள். ஜிதேந்திராவின் மெஷினில் அப்பல்சாமியின் படத்தைத் தேடியெடுத்து அதற்குள் போட்டாள். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

அடுத்த அறையிலிருந்து ஜீனின் குரல் கேட்டது. அவளுக்குத் தமிழ் வராது, இந்திதான். "தேகோ தீதி," என்றாள் மெதுவாக, கோயிலில் பேசுகிற மாதிரி. "ஆய் கைஸ்." பாருங்க அக்கா, வந்துவிட்டது என்கிறாள்.

கம்லா எழுந்து போய்ப் பார்த்தாள். யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சுவர் சுவராகவே இருந்தது. ஆனால் அப்பல்சாமியின் நிலம், வாய்க்கால் வளைவும் எல்லைக் கல்லும் பிசகாமல், இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் இருந்தது. குனிந்து கேபிளைத் தொட்டாள். சூடில்லை, அசைவில்லை. இவ்வளவு பெரிய நிலம் இதற்குள்ளேயா போனது என்று அவள் கையை எடுக்காமலே நின்றாள்.

அன்று மத்தியானம் முழுக்கக் காலி மேசைகளின் மெஷின்களை ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். ஜிதேந்திராவின் படங்கள், பல்ராமின் படங்கள் என்று எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து இறங்கின. பாலசுப்பிரமணி ஜீனுக்குப் பின்னால் நின்றார். ராக்கிராக்கியிலிருந்து சிங்கத்தோக்கா வரைக்கும் அந்த ஆபீஸ் அளந்த மண் வரிசையாகத் திரையில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவா அளந்திருக்கோம்?" என்றார்.

அப்பல்சாமிக்கு மறுநாள் படம் கிடைத்தது. சேதி பரவி, மற்ற ஆபீஸ்காரர்களும் கம்லாவைத் தேடி வந்தார்கள். அங்கேயும் வேலை தெரிந்தவர்கள் பிளேன் ஏறியிருந்தார்கள். கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நாந்திக்கும் பா-வுக்கும் பஸ்ஸில் போனாள். ஒரு தடவை படகேறி சவுசவுவில் ஒரு கொப்பரை ஆபீசுக்கும் போய்வந்தாள். எங்கே போனாலும் முதல் ஃபைல் அடுத்த மெஷினில் தெரிகிற நேரத்தில் அவள் எழுந்துவிடுவாள். அதை உட்கார்ந்தபடி பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.