அளவெடுக்க வந்த சார்

என் வீட்டுக்காரர் படம் வரைகிறவர். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி, "சரி, வேலை என்ன பாக்கறார்?" என் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால், தீராத நோயை விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை இன்னும் படம்தான் போட்டுட்டு இருக்காரா?" என்று என்னிடம் கேட்பான்.

ஆமாம், படம்தான். என்ன படம் என்று கேட்டால்தான் சங்கடம். மூல வியாதி மருந்தோடு வரும் துண்டுத்தாளில், முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டும் பிறகு சிரித்துக்கொண்டும் ஒருவர் நிற்பாரே, அவர் இவர் வரைந்ததுதான். அந்த முகம் என் அண்ணனுடையது. அவனுக்கு இது தெரியாது. கனமான பெட்டியை எப்படித் தூக்கக் கூடாது என்று தொழிற்சாலைச் சுவரில் முதுகை வளைத்து நிற்கும் ஆள், பாடப்புத்தகத்தில் வயிறு திறந்து கிடக்கும் தவளை, பல் ஆஸ்பத்திரிச் சுவரில் கைகால் முளைத்த கடைவாய்ப்பல் எல்லாம் இவர் கைவண்ணம்தான். அந்த ஆஸ்பத்திரி வரவேற்பில்தான் எனக்கு வேலை. எட்டு மணி நேரமும் அந்தப் பல் என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருக்கும்.

எலி மருந்துப் பொட்டலத்துக்கு ஒரு எலி வரைந்தார். "எலி ரொம்ப நல்ல பிள்ளையா தெரியுது சார், கொல்ல மனசு வராது" என்று நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்கு தடவையும் மாற்றிக் கொடுத்தார். யார் என்ன திருத்தச் சொன்னாலும் "சரிங்க" என்பதுதான் இவருடைய தொழில் தர்மம். வீட்டில் நான் ஏதாவது சொன்னால் மட்டும் காது கேட்காது.

இப்படி இருக்கையில், புதிதாகக் கட்டிய பெரிய ஹோட்டல் ஒன்று மாடி நடைவழிக்குப் பன்னிரண்டு படம் கேட்டது. மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நிஜமான தெரு வேணும் சார். நெரிசலா, கசகசன்னு, உயிரோட இருக்கணும்." அங்கே தங்குகிறவர்கள் காரை விட்டு இறங்கி நிஜமான தெருவில் நடக்கப்போவதில்லை. சுவரிலாவது பார்க்கட்டும், பாவம்.

பதினோரு படம் முடிந்தது. பன்னிரண்டாவதுக்கு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைத்தெருவைத் தேர்ந்தெடுத்தார். பாத்திரக் கடை, செருப்புக் கடை, சாவி போடுபவர், பழ வண்டி. ஒரு பழைய கட்டடத்தின் வளைந்த மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, கிழிசல் தைத்து ஜிப் மாற்றித் தரும் தையல்காரர்.

இவர் வரையும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கையை நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடிப்பார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைப் பென்சில்மேல் மெல்ல நகர்த்துவார். எது எதைவிட எத்தனை மடங்கு உயரம் என்று பார்க்கும் வழியாம். படத்துக்கு இடைஞ்சலாக ஏதாவது இருந்தால் தாளில் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார். அதை வரையப்போவதில்லை என்று அர்த்தம்.

படம் வரைகிறவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம். ஆனால் தன் கடைத் தகரம் தெருவுக்குள் நான்கு அடி நீண்டிருக்கிறது என்று மனசாட்சிக்குத் தெரிந்த பாத்திரக் கடைக்காரருக்கு அது சாதாரணமாகவா தெரியும்? அரை மணி நேரத்தில் இவருக்கு உட்கார ஒரு ஸ்டூல் வந்தது. டீ வந்தது. கூடவே "சார்" வந்தது. இருபது வருஷமாகத் தெருத்தெருவாக நின்று வரைகிற மனிதர். "ஓரமா நில்லுய்யா" என்பதைத் தவிர எந்தத் தெருவும் இவரிடம் எதுவும் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோயிருக்கும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், "நாலு டீ குடுத்தாங்கம்மா. ரொம்ப ரசனையான ஜனங்க" என்றார்.

ரசனை என்னவென்று மறுநாளே தெரிந்துவிட்டது. சாவிக்காரர் பக்கத்தில் வந்து, "எத்தனை அடி சார் உள்ள போகும்?" என்று கேட்டிருக்கிறார். ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்க வந்த அதிகாரி என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. "நான் படம் வரையறவன்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். இவர் தாளைப் பார்த்தபடியே, "பார்க்கலாம்" என்றாராம். அன்றைக்கு ஆறு டீ.

மூன்றாம் நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "என் தெருவைக் காணோம்" என்றார். தகரங்களெல்லாம் உள்ளே போய்விட்டனவாம். பழ வண்டி இல்லை. நெரிசலும் இல்லை, கசகசப்பும் இல்லை. தெரு பல் தேய்த்துவிட்டு வந்ததுபோலப் பளிச்சென்று இருந்ததாம். மேனேஜர் இதை எப்படி ஏற்றுக்கொள்வார் என்று புலம்பினார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து பெருக்கல் குறிகள். பெரியது தையல்காரர்மேல்.

"இவரை ஏன் அடிச்சீங்க?"

"அந்தத் தார்ப்பாய் மாடிப்படியோட வளைவை மறைக்குதும்மா."

"இப்ப அவர் எங்க?"

"பேப்பரை எட்டிப் பார்த்துட்டாரு போல. மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டாராம்."

"நீங்க எதுல உக்காந்து வரைஞ்சீங்க?"

"ஸ்டூல்ல."

"யாரோட ஸ்டூல்?"

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "அவரோடதுதான். அவரு பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு உக்காந்து தைச்சாரு."

எனக்கு வந்த கோபத்தில் வாய் திறந்தால் வீடு தாங்காது என்று பேசாமல் இருந்தேன். மறுநாள் லீவு போட்டேன். "வாங்க, வந்து உண்மையைச் சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

சொன்னார். தெருவே கூடி நின்று கேட்டது. பாத்திரக் கடைக்காரர், "பத்து டீ, பதினாறு பிஸ்கட்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சாவிக்காரர் திட்டிய திட்டை எழுத முடியாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் தகரங்கள் வெளியே வந்துவிட்டன, பழ வண்டியும் வந்துவிட்டது. திரும்பி வராதவர் தையல்காரர் ஒருவர்தான். அவருடைய இடத்தில் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு மோட்டார் சைக்கிள். கட்டடத்தின் சொந்தக்காரர் மாடியிலேயே குடியிருக்கிறார். அந்த இடத்தின்மேல் பல வருஷமாகக் கண். தையல்காரர் போனதும் "பாவம், நல்ல மனுஷன்" என்றாராம். அன்று சாயங்காலமே வெல்டிங் ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

சாவிக்காரரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு போனோம். ஆள் நடமாட்டமே இல்லாத முட்டுச்சந்தில், தங்கை வீட்டு வாசலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷின்மேல் துணி எதுவும் இல்லை. இவரைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்க சார்" என்று அதே ஸ்டூலை நகர்த்தினார். இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சிடுங்க" என்றார்.

தையல்காரர் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"படத்துல நான் இருந்தா என்ன சார் கெட்டுடும்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும் வழியில் இவர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு நேராக அந்தத் தெருவுக்குப் போனார். கிராதிக்கு எதிரே நின்றார். மோட்டார் சைக்கிள் உள்ளே கொள்ளாததால் கிராதி ஒன்றரை அடி தெருவுக்குள் துருத்திக்கொண்டிருந்தது. இவர் கையை நீட்டினார். பென்சிலை நிமிர்த்தினார். ஒற்றைக் கண்ணை மூடினார்.

சாவிக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார், இவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஓடிப்போய்த் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க சார்" என்றார், மாடிவரை கேட்கும்படி. பாத்திரக் கடையிலிருந்து டீ வந்தது. காலையில் கணக்குச் சொன்ன அதே மனிதர்தான். பழ வண்டிக்காரர் அவசர அவசரமாக வண்டியைப் பின்னால் தள்ளினார். தெருவில் யாரும் மாடிக்காரரோடு பேசுவதில்லையாதலால் காலையில் நடந்தது அவர் காதுக்குப் போயிருக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன சார், இதுவரைக்கும் வருமா?"

இவர் தாளில் பெரிதாக, நிதானமாக, ஒரு பெருக்கல் குறி போட்டார். அவருக்குத் தெரியும்படித்தான் போட்டார்.

"பார்க்கலாம்."

உண்மையைச் சொல்லக் கூட்டிப் போனவள் நான். அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்காதீர்கள். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கிராதி இல்லை. அதைவிட வேடிக்கை, மாடிக்காரரே முட்டுச்சந்துக்குப் போய்த் தையல்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்திருக்கிறார். பாவப்பட்ட ஒருத்தர் பிழைக்கிற இடம் என்று தெரிந்தால் கட்டடத்தில் கைவைக்க மாட்டார்கள் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். யார் என்று சாவிக்காரரைக் கேட்டால் சிரிக்கிறார்.

பன்னிரண்டாவது படத்தை இவர் நின்றுகொண்டே வரைந்தார். நெரிசல், கசகசப்பு, நடுவே தார்ப்பாய்க்கு அடியில் தையல்காரர். மேனேஜர் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதம் சார். இந்தத் தையல்காரரை மட்டும் எடுத்துட்டா மாடிப்படி நல்லா தெரியும்" என்றார்.

எலியை நான்கு தடவை மாற்றிய மனிதர், "அவரு இருந்தா என்ன சார் கெட்டுடும்?" என்று கேட்டார். மேனேஜர் படத்தைத் திருப்பி நீட்டினார். ஹோட்டலில் பதினோரு படம்தான் மாட்டினார்கள்.

திரும்பி வந்த படத்தைத் தையல்காரரிடமே கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துணியில் கறை தேடுவதுபோல மூலை மூலையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா ஸ்டூல் கால் ஒண்ணு உடைஞ்சு கம்பி கட்டியிருப்பேனே. அது வரலியே."

குனிந்து ஸ்டூலைப் பார்த்தோம். கம்பி இருந்தது. இரண்டு நாள் அதன்மேல் உட்கார்ந்து தெரு முழுவதையும் அளந்தவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

"சரிங்க" என்று பென்சிலை எடுத்தார்.