ஆக்லாந்தில் வாசிக்கப்படாத இரண்டாம் தாள்

ஆக்லாந்தில் விமானம் இறங்கியபோது பிற்பகல் 1.20. என் பையை முதலில் வரவேற்றது ஒரு நாய். அது முகர்ந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கையுறை போட்ட ஓர் அதிகாரி வந்து, என் மனைவி மகளுக்காகப் பொதிந்து வைத்திருந்த கருவேப்பிலையை இரண்டு விரலால் தூக்கித் தொட்டியில் போட்டார். போடும்போது "நன்றி" என்றார். கருவேப்பிலையைப் பறிகொடுத்த என் மனைவியும் பதிலுக்கு நன்றி சொன்னாள். இந்த ஊரில் எதைப் பறிகொடுத்தாலும் நன்றி சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மகளின் பிரசவத்துக்கு வந்தவள் என் மனைவி. நான் ஒட்டிக்கொண்டு வந்தவன். ஆனாலும் எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் பொருளாதாரம் நடத்தியவன் நான். நலவாழ்வு அரசு என்ற பாடம் வந்தால் நியூசிலாந்தை உதாரணம் காட்டுவேன். சீர்திருத்தம் என்ற பாடம் வந்தாலும் அதே நியூசிலாந்துதான். முதலில் அரசே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது, எண்பதுகளில் எல்லாவற்றையும் சந்தைக்குத் திறந்துவிட்டது. ஒரே நாட்டை வைத்து இரண்டு பாடத்தை ஒப்பேற்றிவிடலாம். பார்க்காத ஊரைப் பற்றி இத்தனை வருடம் வாய் கிழியப் பேசியாயிற்று, ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று கிளம்பினேன்.

விமான நிலையத்திலிருந்து மகள் வீடு இருக்கும் ஹென்டர்சன் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். மருமகன் கார்த்திக் மென்பொருள் வேலையில் இருக்கிறான், நல்ல பையன். வழியெல்லாம் வரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

"ஊரு நல்ல ஊரு மாமா. ஆனா வேலை செய்றவன் கட்டுற டாக்ஸ்ல வேலை செய்யாதவன் உட்கார்ந்து சாப்பிடுறான். இப்ப கவர்மென்ட் கொஞ்சம் டைட் பண்ணப் போறாங்க. நல்லதுதானே?"

"நல்லதா கெட்டதான்னு பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். முப்பத்தொரு வருடம் மாணவர்களுக்குச் சொன்ன அதே மழுப்பல்.

பக்கத்து வீட்டில் பிலோமினா என்பவர் இருந்தார். மன்னாரிலிருந்து வந்தவர், ஐம்பது வயது இருக்கும். கணவர் அன்டனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பிலோமினாவுக்கு நியூமார்க்கெட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலை 7.12 ரயிலில் போய், அங்குள்ள வெள்ளைக்காரப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, நான்கு மணிக்குத் திரும்புவார். அவர் வீட்டில் அன்டனைக் குளிப்பாட்ட அரசுச் செலவில் ஒரு பெண் காலை ஆறரைக்கு வருவார், மதியம் சாப்பாடு கொடுக்க மறுபடி வருவார். அந்தப் பெண் வருவதால்தான் பிலோமினா ரயில் ஏற முடிந்தது.

நான் வந்து மூன்றாவது வாரம், அந்த உதவித் திட்டத்தைச் சீர்திருத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. வீட்டில் வயதுவந்த, திடகாத்திரமான இன்னொருவர் இருந்தால் உதவி நிறுத்தப்படும். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், ஒரு குழு நேரில் கேட்கும், ஆளுக்கு ஐந்து நிமிடம். பிலோமினா அந்தத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நான் திடமாத்தான் இருக்கிறன் சேர். அதுதான் இப்ப பிழையாப் போச்சு" என்றார். "அந்தப் பிள்ளை வராட்டி இவரை ஆர் பாக்கிறது? நான் வேலையை விட வேணும். விட்டிட்டு எப்பிடிச் சீவிக்கிறது?"

சோபாவில் இருந்த கார்த்திக் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வயசானவங்க கூடிக்கிட்டே போறாங்க, டாக்ஸ் கட்டுறவங்க குறையிறாங்க. எல்லாருக்கும் எல்லாம் எப்படிக் குடுக்க முடியும்?"

"நானும் டாக்ஸ் கட்டிறன் தம்பி" என்றார் பிலோமினா. அவன் மறுபடி போனைப் பார்த்தான்.

குழுவின் முன் பிலோமினா பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் என்னைக் கெஞ்சவில்லை. கல்லூரி ஆண்டு விழா, பிரிவுபசார விழா என்று எங்கும் முதல் மைக் எனக்குத்தான் என்ற கொழுப்பு. இரண்டு தாள் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டாம் தாளில், பிலோமினாவே சொல்வதுபோல, விஷயம் இருந்தது. வீட்டுக்கு வரும் உதவியை நிறுத்தினால் நான் வேலையை விட வேண்டும், வேலையை விட்டால் இன்று வரி கட்டும் நான் நாளை அரசு உதவித்தொகை வாங்குவேன், இதில் அரசுக்கு என்ன மிச்சம்? எந்தச் சீர்திருத்தக்காரனும் பதில் சொல்லித் தீரவேண்டிய கேள்வி. எழுதிவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

முதல் தாளில் அவை வணக்கம். தலைவர், உறுப்பினர்கள் ஐந்து பேர், எல்லோரையும் பெயரும் பட்டமும் சொல்லி விளித்திருந்தேன். நம் மேடையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த மனிதர் அடுத்த மூன்று வருடம் முகம் கொடுக்க மாட்டார். அந்தப் பயம் என் ரத்தத்தில் ஊறியது. பிலோமினா அதைக் குறைக்கச் சொல்லவில்லை. கூட்டச் சொன்னார்.

"எங்களை ஏத்துக்கொண்ட நாடெல்லே சேர். இவரை ஆஸ்பத்திரியில எவ்வளவு நல்லாப் பாத்தவை. நன்றி சொல்லாமல் குறையைக் கதைச்சால் நன்றி கெட்ட சனம் எண்டு நினைப்பினம்."

நியாயமாகப் பட்டது. நன்றிக்கு இரண்டு பத்தி சேர்த்தேன். நானே வேகமாக வாசித்துப் பார்த்தேன், நான்கு நிமிடம் ஐம்பது வினாடி. கார்த்திக், "மாமா, நேரா மேட்டருக்கு வரச் சொல்லுங்க, இங்க அப்படித்தான்" என்றான். சபை நாகரிகம் தெரியாத தலைமுறை என்று நினைத்துக்கொண்டேன்.

குழு கூடிய செவ்வாய், காலை 7.12. வழக்கமான அதே ரயில், ஆனால் பிலோமினா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தேவாலயத்துக்குக் கட்டும் நீலச் சேலையில் வந்தார். அன்டனை என் மனைவி பார்த்துக்கொண்டாள், நான் துணைக்குப் போனேன். நகர மையத்துக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம். ஜன்னலுக்கு வெளியே ஈரமான கொல்லைகளும் துணி காயாத கொடிகளும் போய்க்கொண்டிருந்தன. பெட்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிலோமினா உறுப்பினர் பெயர்களை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதில் இரண்டு, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளின் பெயர்கள். "பிழையாச் சொன்னால் மரியாதையில்லை" என்றார்.

9.30. துறைமுகத்துப் பக்கம் ஒரு கூடம். தலைவர் மவோரி மொழியில் நிதானமாக முகமன் சொல்லித் தொடங்கினார். நிலத்தையும் நீரையும் முன்னோரையும் வணங்கும் முகமன் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்குப் பரம சந்தோஷம். நம்மைப் போலவே வணங்கித் தொடங்கும் சபைதான் இது, என் முதல் தாள் சரியாகத்தான் இருக்கிறது என்று பிலோமினாவைப் பார்த்துத் தலையாட்டினேன். தலைவருடைய முகமனுக்குக் கடிகாரம் ஓடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

முதலில் பேசியவர் வரி செலுத்துவோர் சார்பில் வந்த ஒரு கோட்டுக்காரர். கையில் வரைபடங்கள். நாடு முதுமையடைகிறது, இன்று கடினமான முடிவு எடுக்காவிட்டால் நாளை பிள்ளைகள் தலையில் விடியும் என்றார். சொன்னதில் பாதி உண்மை, அதுதான் எரிச்சல். அடுத்து அரைக்கால் சட்டையில் ஒரு கிழவர். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. உட்கார்ந்ததும், "நீங்கள் போட்டிருப்பது தப்புக் கணக்கு, என் மனைவியை வந்து தூக்கிப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்" என்றார். இரண்டே நிமிடம், எழுந்து போய்விட்டார். உறுப்பினர்கள் பரபரவென்று குறித்துக்கொண்டார்கள். என்ன மனிதர் இவர் என்று நான் முகம் சுளித்தேன்.

10.50. பிலோமினாவை அழைத்தார்கள். கைகூப்பினார். பிறகு ஒவ்வொரு பெயராக, நிறுத்தி, பிசகாமல் சொன்னார். மவோரிப் பெயர்களைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்தது. நன்றிக்கு வந்தார். அச்சத்தில் வாசிப்பு மெதுவாகிவிட்டது. நான் ஐம்பது வினாடியில் ஓட்டிய இரண்டு பத்தியும் அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தன. மன்னாரிலிருந்து வந்தது, ஆஸ்பத்திரித் தாதியர் அன்டனைத் தூக்கி நிறுத்தியது என்று சொல்லச் சொல்ல, ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசைமேல் நேரம் காட்ட வைத்திருந்த சின்ன விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளானது. தாளைத் திருப்புங்கள், திருப்புங்கள் என்று உள்ளுக்குள் கத்தினேன். அவர் திருப்பியபோது விளக்கு சிவப்பு.

"மிக அழகாகப் பேசினீர்கள். மனமார்ந்த நன்றி" என்றார் தலைவர்.

"இன்னும் ஒண்டு சொல்ல..." என்று பதற்றத்தில் தமிழில் தொடங்கிய பிலோமினா, ஆங்கிலத்துக்கு மாறுவதற்குள் அடுத்தவர் பெயரை வாசித்துவிட்டார்கள். நான் இரண்டாம் தாளை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்த ஊழியப் பெண்ணிடம் ஓடினேன். எழுத்துமூலக் கருத்துக்கான கெடு முந்தின வெள்ளியோடு முடிந்துவிட்டதாம். வருத்தமாகச் சிரித்தார். இங்கே எல்லோரும் எவ்வளவு நன்றாகச் சிரிக்கிறார்கள்! எனக்கு அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மதியம் 12.15. நகரத்திலிருந்து, இந்தியக் கடைகள் நிறைந்த சான்ட்ரிங்ஹாமுக்குச் சாப்பிடப் பேருந்தில் போனோம், ஆறு கிலோமீட்டர் இருக்கும். மசாலா தோசை பதினாறு டாலர். பிலோமினா பாதியைப் பொட்டலம் கட்டச் சொன்னார், அன்டனுக்காம்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. முதல் தாளை நான்தான் நீட்டிட்டேன்" என்றேன்.

"நீங்கள் என்ன செய்வியள் சேர், நன்றியைக் கூட்டச் சொன்னது நான்தானே" என்றார். "ஆனா அந்தக் கிழவன் நல்லாக் கதைச்சவர், என்ன?"

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் பிறந்த பேத்தி மூன்று மாதத்தில் குப்புற விழுந்தாள், குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கிழவரின் பெயருக்கு எதிரே 'கடும் எதிர்ப்பு'. பிலோமினாவின் பெயருக்கு எதிரே, 'பராமரிப்புச் சேவைக்கு உளமார நன்றி தெரிவித்தார். குறை எதுவும் குறிப்பிடவில்லை.' கடைசிப் பக்கத்தில், ஆதரவாகக் கருத்துச் சொன்னவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்திருந்தார்கள். சீர்திருத்தத்துக்கு அவர் கையெழுத்தே போட்டுக் கொடுத்தமாதிரி ஆயிற்று. அதை எழுதிக் கொடுத்தவன் நான்.

எங்கள் ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பார்கள். வாங்கி ஒரு கட்டில் சொருகுவார்கள், அந்தக் கட்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கனிவாகக் கேட்டு, கண் கலங்கி, எழுத்துப் பிசகாமல் பதிந்து, பிறகு எதிராகப் பயன்படுத்தும் நேர்த்தி அங்கே கிடையாது. வளர்ந்த ஜனநாயகம் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

கிளம்பிய நாள், காலை 7.05. காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பிலோமினாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். சீர்திருத்தம் அமலுக்கு வந்து, ஆறரைக்கு வரும் பெண் வராமல் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. பிலோமினா குளியலறையிலிருந்து முழங்கை வரை சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். வேலையை விட்டுவிட்டார்.

"பத்திரமாப் போட்டு வாங்கோ சேர். எல்லாத்துக்கும் நன்றி" என்றார்.

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்து காரில் ஏறினேன்.

ஹென்டர்சன் ஸ்டேஷனைத் தாண்டும்போது 7.12 ரயில் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. கார்த்திக் அதைப் பார்த்தான்.

"பக்கத்து வீட்டு அக்கா அரசாங்க உதவித்தொகைக்கு அப்ளை பண்ணியிருக்காங்களாம் மாமா" என்றான். "நல்லா வேலைக்குப் போய் டாக்ஸ் கட்டிக்கிட்டிருந்தவங்க. இப்ப அவங்களுக்கும் சேர்த்து நம்மதான் கட்டணும். இதுல கவர்மென்ட்டுக்கு என்ன மிச்சம்? இதை யாருமே அந்தக் கமிட்டிகிட்ட எடுத்துச் சொல்லலையா?"

இரண்டாம் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து அவனிடம் காட்டக்கூட எனக்குக் கை வரவில்லை.